ராப் இசை வரலாறு – 17: ஒலி தெற்கே நகர்ந்த ஆண்டுகள்

1990-களின் நடுப்பகுதி வரை ராப் இசைக்கு மூலப்பொருள் பழைய இசைத்தட்டுகளே. ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க், 1960-70களின் சோல், பழைய பொருள் கடைகளில் தூசி படிந்து கிடந்த ஜாஸ் தட்டுகள் ஆகியவற்றிலிருந்து சாம்பிள் எனப்படும் சில வினாடி ஒலித்துணுக்கை வெட்டியெடுத்து, சாம்ப்ளர் என்னும் கருவியில் ஏற்றி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே டிரம் ஒலியைச் சேர்ப்பார்கள். பீட் கட்டுவது என்றால் இதுதான். ஈ-மியூ நிறுவனம் 1987-இல் வெளியிட்ட எஸ்பி-1200 கருவியில் ஏறக்குறைய 10 வினாடி ஒலிக்குத்தான் இடம் இருந்தது. எனவே 33 வேகத் தட்டை 45 வேகத்தில் சுழலவிட்டுப் பதிவு செய்து, கருவிக்குள் போன பிறகு வேகத்தைக் குறைத்து இழுத்துக்கொள்வார்கள். அப்படி இழுக்கும்போது ஒலியில் ஒரு கரகரப்பு ஏறும். 12 பிட் கருவியின் குறைந்த துல்லியம் அந்தக் கரகரப்பை இன்னும் தடிப்பாக்கும். நியூயார்க் ராப்பின் அடையாளம் என்று பின்னாளில் போற்றப்பட்ட அந்த இருண்ட, கனத்த ஒலி பெருமளவுக்கு இந்த நினைவகப் பஞ்சத்தில் பிறந்தது. டிஜே பிரீமியர், பீட் ராக், வூ-டாங் கிளானின் ரிஸா, மாப் டீப்பின் ஹேவக் ஆகியோர் அந்த முறையின் உச்சம். 1994 ஏப்ரலில் வந்த நாஸின் ‘இல்மாட்டிக்’ ஆல்பத்தில் அதை முழு அழகோடு கேட்கலாம்.

ஐந்தே ஆண்டுகளில் இந்த நிலை தலைகீழானது. 1999 முடியும்போது அமெரிக்க வானொலியில் விடாமல் ஓடிய ராப் பாடல்கள் பலவற்றில் பழைய தட்டின் சுவடே இல்லை. அங்கே இருந்தவை சிந்தசைசரில் வாசித்த கூர்மையான மெட்டுகள், வெறுமை தெரியும்படி இடைவெளி விட்ட தாளக்கட்டு, நெஞ்சில் அதிரும் பேஸ். பாடியவர்களில் பலர் நியூயார்க்கையோ லாஸ் ஏஞ்சலஸையோ சேர்ந்தவர்கள் அல்லர். நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா, வர்ஜீனியா பீச் போன்ற ஊர்கள் ராப்பின் வரைபடத்தில் பெரிய எழுத்தில் இடம்பெற்றுவிட்டன. சட்டம், கருவி, ஊர், வானொலி ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் நகர்ந்ததன் விளைவு இது. தனி ஒருவரின் மேதைமையால் நடந்தது என்று சொல்லும் வழக்கமான கதை போதாது.

சட்டத்தின் பங்கு முன்பே தொடங்கியது. ராப் பாடகர் பிஸ் மார்க்கி, 1991-இல் வெளியிட்ட ஆல்பத்தில் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பழைய பாடல் ஒன்றின் பியானோப் பகுதியை அனுமதியின்றிப் பயன்படுத்தினார். வழக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. 1991 டிசம்பரில் நீதிபதி கெவின் தாமஸ் டஃபி, ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். பாடலுக்குத் தடை விதித்ததோடு நிற்காமல், குற்றவியல் நடவடிக்கை எடுக்க முகாந்திரம் உண்டா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் பரிந்துரைத்தார். இசை நிறுவனங்கள் அரண்டுபோயின. அதன்பின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு அனுமதிகள் கட்டாயமாயின. பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடலை எழுதியவரிடம் இன்னொன்று. இருவரும் விலை சொல்வார்கள். பப்ளிக் எனிமி 1988-இலும் 1990-இலும் செய்ததுபோல் ஒரே பாடலில் பத்துப் பதினைந்து துணுக்குகளை அடுக்கும் கலை இதற்குப் பிறகு பொருளாதார ரீதியில் சாத்தியமில்லாமல் போனது. ஒரு கலைவடிவத்தின் மிகச் செழிப்பான கிளையை நீதிமன்றம் வெட்டியது. அந்த இழப்பு இன்றளவும் ஈடுசெய்யப்படவில்லை.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் இருந்தன. பழைய மெட்டைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் பாடலாசிரியரின் அனுமதி மட்டும் போதும், பதிவுக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. டாக்டர் டிரே 1992 இறுதியில் வெளியிட்ட ‘தி கிரானிக்’ ஆல்பத்தில் பார்லியமென்ட்-ஃபங்கடெலிக் மெட்டுகளை வாத்தியக்காரர்களைக் கொண்டு வாசிக்க வைத்த பாணியில் இந்த வசதியும் அடங்கியிருந்தது. இரண்டாவது வழி, எவருடைய மெட்டையும் தொடாமல் கீபோர்டில் புதிதாக அமைத்துக்கொள்வது. தொண்ணூறுகளின் இறுதியில் வென்றது இந்த இரண்டாவது வழிதான்.

அந்த வெற்றிக்கு முன் ஒரு முரணான இடைக்காலம் வந்தது. 1996 செப்டம்பரில் டூபாக் ஷகூர் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தார். 1997 மார்ச் 9 அன்று நட்டோரியஸ் பி.ஐ.ஜி. லாஸ் ஏஞ்சலஸில் கொல்லப்பட்டார். கிழக்கு, மேற்கு என இரு கரைகளின் பெரும் குரல்களும் ஆறே மாதத்தில் அடங்கின. டூபாக்கின் நிறுவனமான கலிஃபோர்னியாவின் டெத் ரோ சிதைந்தது. நியூயார்க்கில் பி.ஐ.ஜி.யின் நிறுவனமான பேட் பாய், அதன் தலைவர் பஃப் டாடியின் கீழ் 1997-ஆம் ஆண்டையே கைப்பற்றியது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதலிடத்தில் ‘கான்ட் நோபடி ஹோல்ட் மீ டவுன்’ 6 வாரம், ‘ஹிப்னடைஸ்’ 3 வாரம், ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ 11 வாரம், ‘மோ மணி மோ பிராப்ளம்ஸ்’ 2 வாரம் இருந்தன. நான்கும் பேட் பாய் பாடல்கள். சாம்பிள் விலை ஏறியதால் மற்றவர்கள் பின்வாங்கியபோது, பேட் பாய் பணத்தைக் கொட்டி எல்லோருக்கும் தெரிந்த பாடல்களையே எடுத்தது. டயானா ராஸ், டேவிட் போவி, ஹெர்ப் ஆல்பர்ட், போலீஸ் குழு என்று எண்பதுகளின் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும் மெட்டுகள் அவை. முன்பு சாம்பிள் என்பது யாருக்கும் தெரியாத தட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் கலை. பேட் பாய் அதைத் தெரிந்த பாட்டின் முகவரியாக மாற்றியது. ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ பாடலின் உயிர், போலீஸ் குழுவின் 1983 பாடலில் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த கிட்டார் வரி. ஆனால் மூலப் பாடலின் ஆசிரியராக ஸ்டிங் பெயர் மட்டுமே இருந்ததால், ஆசிரியர் பங்குத் தொகை ஸ்டிங்குக்குச் சென்றது. சம்மர்ஸுக்கு அதில் எதுவும் இல்லை.

பேட் பாய் ஒலி பளபளப்பானது, அழுக்கற்றது, நடனக்கூடத்துக்கும் வானொலிக்கும் ஒருசேரப் பொருந்துவது. ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய காணொளிகளில் மீன்கண் லென்ஸும் மின்னும் உடைகளும் அதே மனநிலையைக் கண்ணுக்குக் காட்டின. தெருமுனையின் இருள் போய்விட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்பினார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் பேட் பாய் முறை நீண்டநாள் நிற்கவும் இல்லை. தெரிந்த பாட்டுகள் ஒருநாள் தீரும், விலையும் ஏறிக்கொண்டே போகும்.

அதே நேரத்தில் தெற்கில் யாரும் சாம்பிளுக்காக அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1990-களின் தொடக்கத்திலேயே பவுன்ஸ் என்ற உள்ளூர் நடன ராப் உருவாகியிருந்தது. அதன் அடித்தளம் ‘டிராக் ராப்’ என்ற பாடல். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ஷோபாய்ஸ் குழு அதை 1986-இல் வெளியிட்டது. சொந்த ஊரில் எடுபடாத அந்தப் பாட்டு நியூ ஆர்லியன்ஸிலும் மெம்ஃபிஸிலும் நடனக்கூடங்களின் நிரந்தரத் தாளமாகிவிட்டது. அதன்மேல் டிஜே ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் பதில் குரல் கொடுக்கும். பேட்டைகளின் பெயர்களைச் சொல்லி அழைப்பதும் ஆடச் சொல்வதுமாகப் பாட்டு ஓடும். பித்தளை வாத்தியக் குழுக்களின் பின்னால் ஊரே ஆடிக்கொண்டு செல்லும் மரபு உள்ள நகரத்தில் ராப்பும் அப்படியே மாறியதில் வியப்பில்லை.

இந்த மரபிலிருந்து வந்தவர் மேனி ஃபிரெஷ். தந்தையும் நியூ ஆர்லியன்ஸில் டிஜேயாக இருந்தவர். பிரையன் வில்லியம்ஸ், ரொனால்ட் வில்லியம்ஸ் சகோதரர்கள் 1991-இல் தொடங்கிய கேஷ் மணி நிறுவனத்தின் பாடல்களை ஏறக்குறைய அவர் ஒருவரே கட்டினார். டிரம் மெஷினும் கீபோர்டுமே அவருடைய கருவிகள். ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்டு மூன்றே ஆண்டில் நிறுத்திவிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் ஆழ்ந்த கிக் ஒலி, மயாமி முதல் மெம்ஃபிஸ் வரை தெற்கின் பொதுச்சொத்து. காரில் பெரிய ஒலிபெருக்கி வைத்துச் சுற்றும் ஊர்களுக்கு அந்த ஒலி கச்சிதமாகப் பொருந்தியது. 1998-இல் கேஷ் மணி யுனிவர்சல் நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. தொகை 3 கோடி டாலர் என்று பேசப்பட்டது. பதிவுகளின் மூல உரிமை கேஷ் மணியிடமே இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் கேஷ் மணியின் பாடகர் ஜுவனைலின் ‘400 டிகிரீஸ்’ வந்தது. அதில் ‘ஹா’ என்ற பாடலில் அடிதோறும் வாக்கியம் ஒரே உரப்பொலியில் முடியும், எதிரே நிற்பவனோடு பேசுவதுபோலவே வரிகள் நகரும். கீழே மேனி ஃபிரெஷின் ஹை-ஹாட் படபடக்கும். நியூயார்க்கின் காதுகளுக்கு அது முதலில் விளங்கவே இல்லை. மறு ஆண்டு வந்த அடுத்த சிங்கிள், வானொலியில் ‘பேக் தட் தாங் அப்’ என்ற பெயரில் நாடு முழுவதும் ஒலித்தது. கேஷ் மணியைச் சேர்ந்த பி.ஜி.யின் ‘பிளிங் பிளிங்’ அதே 1999-இல் வந்தது. அந்த நிறுவனத்தின் பாடகர்களில் மிக இளையவர் லில் வெய்ன்.

நியூ ஆர்லியன்ஸின் இன்னொரு நிறுவனம் மாஸ்டர் பி-யின் நோ லிமிட். இசையில் கேஷ் மணி அளவுக்குப் புதுமை இல்லை. ஆனால் வியாபாரத்தில் அது வழிகாட்டி. பிரையாரிட்டி நிறுவனத்தோடு உரிமையை விட்டுக்கொடுக்காத விநியோக ஒப்பந்தம், ‘பீட்ஸ் பை தி பவுண்ட்’ என்ற உள்வீட்டு இசைக்குழு, மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆல்பம் என்ற வேகம் ஆகியவற்றால் அது வளர்ந்தது. 1997 செப்டம்பரில் ‘கெட்டோ டி’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. மறு ஆண்டு, டெத் ரோவை விட்டு வெளியேறிய கலிஃபோர்னியாவின் ஸ்னூப் டாக் நோ லிமிட்டில் சேர்ந்து ஆல்பம் வெளியிட்டார். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. தெற்குக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஆந்த்ரே பெஞ்சமின் அங்கேயே பதில் சொல்லிவிட்டு இறங்கினார். மூன்று ஆண்டுகளுக்குள் மேற்குக் கரையின் நட்சத்திரமே தெற்கில் தஞ்சம் புகுந்தது, அந்தப் பதிலுக்குக் கிடைத்த சான்று.

ஒலியின் இலக்கணத்தையே மாற்றியவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவர் வர்ஜீனியாவின் டிம்பலண்ட். நார்ஃபோக்கில் பிறந்த, டிமோதி மோஸ்லி என்ற இயற்பெயர் கொண்ட அவரும் போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த மிஸ்ஸி எலியட்டும் இளமையிலேயே சேர்ந்து உழைத்தவர்கள். 1996-இல் ஆலியாவின் ‘ஒன் இன் எ மில்லியன்’, ஜினுவைனின் ‘போனி’ ஆகியவற்றில் அவர்களின் புதிய தாளம் முதலில் ஆர் அண்ட் பி வழியாகவே மக்களை அடைந்தது. நியூயார்க் பீட்டில் கிக்கும் ஸ்நேரும் எதிர்பார்த்த இடத்தில் விழும், அதற்குள் லூப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சாம்பிள், சுழலும். டிம்பலண்ட் கிக்கை எதிர்பாராத இடங்களில் மூன்று நான்காகக் கொத்துக் கொத்தாகத் தெறிக்கவிட்டார். ஹை-ஹாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சட்டென நிறுத்தினார். கர்நாடக இசையில் கார்வை தாளக் கணக்கின் உறுப்பாக இருப்பதுபோல, இவருடைய பீட்டில் அந்த மௌனமும் எண்ணிக்கைக்குள் அடங்கிய ஒரு அடி. நிரப்பாமல் விட்ட இடம் பாடுபவருக்குப் புதிய வழிகளைத் திறந்தது. மெதுவாகவும் பாடலாம், அதே பீட்டில் இரு மடங்கு வேகத்திலும் பாடலாம்.

1997 ஜூலையில் வந்த மிஸ்ஸியின் ‘சூப்பா டூப்பா ஃப்ளை’ இந்த முறையின் முதல் பெரிய ராப் ஆவணம். ‘தி ரெயின்’ பாடலில் ஆன் பீபிள்ஸின் 1973 பாடலிலிருந்து சாம்பிள் உண்டு. ஆனால் அது அடித்தளமாக இல்லாமல் தூரத்தில் கேட்கும் நினைவாகவே வந்துபோகும். 1998-இல் ‘டாக்டர் டூலிட்டில்’ படத்துக்காக ஆலியா பாடிய ‘ஆர் யூ தட் சம்படி?’ பாடலில் ஒரு குழந்தையின் மழலையொலியே தாள வாத்தியமானது. அரபு, இந்திய ஒலிகளின் மீது டிம்பலண்டுக்கு இருந்த ஈர்ப்பும் பின்னர் வெளிப்பட்டது. ஜே-ஸீயின் ‘பிக் பிம்பின்’ எகிப்தின் பலீக் ஹம்தி இசையமைத்த மெட்டைக் கொண்டது. அந்த உரிமை வழக்கு 2018 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது. 2001-இல் மிஸ்ஸியின் ‘கெட் யுர் ஃப்ரீக் ஆன்’ பஞ்சாபின் தும்பி ஒலியையும் தபலாவையும் அமெரிக்க வானொலியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

அருகில் வர்ஜீனியா பீச்சில் ஃபாரெல் வில்லியம்ஸும் சாட் ஹ்யூகோவும் நெப்டியூன்ஸ் என்ற பெயரில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நியூ ஜாக் ஸ்விங் பாணியின் முன்னோடி டெடி ரைலி நியூயார்க்கிலிருந்து அந்த ஊருக்குக் குடிபெயர்ந்து ஒலிப்பதிவுக்கூடம் அமைத்திருந்ததால், பள்ளி மாணவர்களாக இருந்தபோதே அவர் கண்ணில் பட்டார்கள். 1998-இல் குயின்ஸின் நோரியேகாவுக்காக அவர்கள் கட்டிய ‘சூப்பர்தக்’ பாடலில் கீபோர்டு கிட்டார்போல வெட்டி வெட்டி ஒலிக்கும். 2000-ஐத் தாண்டிய பிறகு அமெரிக்க வானொலியே அவர்கள் கைக்குப் போனது. 1999-இல் வெளிவந்த கோர்க் டிரைட்டன் என்ற கீபோர்டும் அந்தக் காலத்தின் அடையாளம். நூற்றுக்கணக்கான ஒலிகளையும் அவற்றை அடுக்கிப் பாட்டாக்கும் வசதியையும் ஒரே பெட்டிக்குள் தந்ததால், பீட் கட்ட விரும்பும் இளைஞனுக்குப் பழைய தட்டுகளின் சேகரம் இனித் தேவைப்படவில்லை.

நியூயார்க்கும் இந்த அலையில் சேர்ந்தது, தனக்கே உரிய முரட்டுத்தனத்தோடு. யாங்கர்ஸின் டிஎம்எக்ஸ் 1998 மே மாதம் ‘இட்ஸ் டார்க் அண்ட் ஹெல் இஸ் ஹாட்’ வெளியிட்டார். அதில் ‘ரஃப் ரைடர்ஸ் ஆன்த்தம்’ பாடலைக் கட்டிய ஸ்விஸ் பீட்ஸுக்கு அப்போது 20 வயது நிறையவில்லை. சாம்பிளே இல்லாமல், மூன்று நான்கு சுரங்களில் கீபோர்டை அறைவதுபோன்ற மெட்டு அது. டிஎம்எக்ஸுக்கே முதலில் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டுதான் அவர் அடையாளமானது. அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாவது ஆல்பமும் வந்து, இரண்டுமே பில்போர்டில் முதலிடம் பிடித்தன. பேட் பாயின் மினுமினுப்புக்கு மக்கள் அலுத்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1998 செப்டம்பர் 29 ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கடைக்கு வந்த ஆல்பங்களை வரிசையாக வைத்தால் மாற்றத்தின் குறுக்குவெட்டே தெரியும். ஜே-ஸீயின் ‘வால்யூம் 2’ ஆல்பத்தில் டிஜே பிரீமியர், டிம்பலண்ட், ஸ்விஸ் பீட்ஸ் மூவரும் இருந்தார்கள். ‘ஆனி’ இசை நாடகத்தின் குழந்தைகள் பாடலை சாம்பிள் செய்து 45 கிங் என்பவர் கட்டிய தலைப்புப் பாடலும் அதில் இருந்தது. அவுட்காஸ்டின் ‘அக்வெமினை’ ஊது வாத்தியங்களையும் கிட்டாரையும் நேரடியாக வாசிக்க வைத்து, தெற்கின் கலைச் சாதனையாக நிமிர்ந்து நின்றது. ஜாஸ் சாம்பிள்களின் பேராசான்களான எ டிரைப் கால்ட் குவெஸ்ட், பிரிவை அறிவித்துவிட்டு ‘தி லவ் மூவ்மென்ட்’ ஆல்பத்தை வெளியிட்டது. புரூக்ளினின் மாஸ் டெஃபும் டாலிப் குவெலியும் பிளாக் ஸ்டார் என்ற பெயரில், பணப் பகட்டை எதிர்த்துப் பழைய மரபின் பக்கம் நின்றார்கள். பிளாக் ஸ்டாரை வெளியிட்ட ராகஸ் போன்ற சிறு நிறுவனங்களில் சாம்ப்ளர் முறை தொடர்ந்து வாழ்ந்தது. ஆனால் பெருவழக்காக இருந்த ஒன்று இப்போது மாற்று இசையாகிவிட்டது.

மேற்குக் கரையின் பதில் 1999 நவம்பரில் வந்தது. டாக்டர் டிரேயின் ‘2001’ ஆல்பத்தில் ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ பாடலின் பியானோவை வாசித்தவர் ஸ்காட் ஸ்டார்ச். ஒரே அடுக்கு பியானோ, துல்லியமான டிரம், அவற்றுக்கிடையே காற்றோட்டமான வெளி. ஒலிப்பதிவின் தூய்மையில் அந்த ஆல்பம் வைத்த அளவுகோலை அடுத்த பல ஆண்டுகள் எல்லோரும் எட்டிப்பிடிக்க முயன்றார்கள்.

இவற்றைப் பரப்பிய வானொலியும் மாறியிருந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1996 பிப்ரவரியில் கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. பாட்டுப் பட்டியல் எங்கோ ஒரு அலுவலகத்தில் தீர்மானிக்கப்பட்டது. வானொலியில் உடனே காதைப் பிடிக்கும் கூர்மையான கீபோர்டு மெட்டுக்கும் எளிய பல்லவிக்கும் அது சாதகமாயிற்று. தெற்கின் நிறுவனங்களைப் பிறப்பித்தது உள்ளூர்ச் சந்தை. அத்தகைய உள்ளூர் ஒலிகளுக்கு அடுத்த தலைமுறையில் வழி குறுகியதற்கும் இதே சட்டம் காரணம். சந்தை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1998-இல் ராப் 8.1 கோடிப் பிரதிகள் விற்று, முதன்முறையாக கன்ட்ரி இசையை முந்தியதாக டைம் இதழ் 1999 பிப்ரவரியில் எழுதியது. அதே மாதம் லாரின் ஹில்லின் ஆல்பம், ஹிப்-ஹாப்பிலிருந்து கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்ற முதல் படைப்பானது.

சாம்பிள் அழியவில்லை. 2001 செப்டம்பரில் ஜே-ஸீயின் ‘தி புளூபிரிண்ட்’ ஆல்பத்தில் கான்யே வெஸ்டும் ஜஸ்ட் பிளேஸும் சோல் தட்டுகளை மீண்டும் நடுநாயகமாக்கினார்கள். ஆனால் அந்த வகை ஆல்பத்துக்கு உரிமத் தொகை கட்ட பெரிய நிறுவனத்தின் பணப்பை வேண்டியிருந்தது. தெருவில் புதிதாகத் தொடங்குபவர்கள் கீபோர்டோடும் 808 ஒலியோடும் தங்கிவிட்டார்கள். பின்னர் அட்லாண்டாவில் எழுந்த டிராப் இசைக்கு அதுவே விதை. இந்த மாற்றத்தைச் சரிவு என்று எழுதுபவர்கள் இழந்த சாம்பிள் அடுக்குகளை மட்டுமே எண்ணுகிறார்கள். தாளத்தில் ராப் இவ்வளவு துணிந்த காலம் அதற்கு முன் இருந்ததில்லை. ஐயமுள்ளவர்கள் ‘இல்மாட்டிக்’கையும் ‘400 டிகிரீஸ்’ஸையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் இருப்பவை நாலரை ஆண்டுகளே.